பழைய காருக்கு வாரண்டி: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

விலை படிந்து, அட்வான்ஸ் கொடுக்கப்போகும் நேரத்தில்தான் வாரண்டிப் பேச்சு வரும். "இன்னும் ஒரு பதினாலாயிரம் போட்டுட்டீங்கன்னா ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்" என்று கார் கன்சல்டிங் கடைக்காரர் ஒரு மடிப்புத் தாளை நீட்டுவார். முன்பக்கத்தில் எஞ்சின், கியர் பாக்ஸ், ஏ.சி. என்று பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் முதலில் புரட்ட வேண்டியது கடைசிப் பக்கத்தை. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியல் பெரும்பாலும் அங்கேதான், சின்ன எழுத்தில் இருக்கும்.

திருப்போரூர் வட்டாரத்தில் கார் ஓட்டுபவரை அந்தப் பட்டியல் கூடுதலாகவே பாதிக்கும். கிழக்கே கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் என்று நீளும் கடற்கரையின் உப்புக் காற்று. வடக்கே ஓ.எம்.ஆர். நெடுக மழைக்குத் தண்ணீர் தேங்கும் தாழ்வான பகுதிகள். துருவையும் வெள்ளச் சேதத்தையும் ஏறக்குறைய எல்லா வாரண்டிகளும் விலக்கிவிடும். எனவே துருவைக் காரைத் தேர்ந்தெடுக்கும்போதே தவிர்த்துவிட வேண்டும். வெள்ளத்தை இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை போக மிஞ்சும் உள் கோளாறுகளுக்குத்தான் வாரண்டி. கியர் பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரஸர், ஸ்டியரிங் மோட்டார், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவை அந்த வகை. காரோடு வரும் வாரண்டியை முதலில் பார்த்துவிட்டு, இந்த அத்தியாயமும் அதே வரிசையில் போகிறது.

முதல் வேலை: ஏற்கெனவே வாரண்டி இருக்கிறதா?

புதிதாகப் பணம் கட்டுவதற்கு முன், காரோடு வரும் வாரண்டி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று நான்கு வருடமே ஆன காரை வாங்குகிறவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

1. ஆர்.சி.யைப் பார்த்துப் பதிவுத் தேதியையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி வாரண்டி, கார் முதன்முதலில் ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து ஓடும். நீங்கள் வாங்கும் தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

2. காரை விற்பவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். சர்வீஸ் வரலாற்றை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டர் ஏறுமுகமாக இருக்கிறதா, இடையில் எந்த சர்வீஸாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

3. முதல் உரிமையாளர் நீட்டிப்பு வாரண்டி வாங்கியிருக்கிறாரா, அது எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேளுங்கள். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டியும் முடிந்துவிடும்.

4. அது இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாடலாக இருந்தாலும் கார் எந்த மாதம் டெலிவரி ஆனது என்பதைப் பொறுத்து வாரண்டி மாறும். மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. அதற்கு முன் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். ஆகவே 2024 மே மாத வண்டியையும் ஆகஸ்ட் மாத வண்டியையும் ஒரே விலைக்குப் பேசினால், இரண்டாவதுதான் லாபம்.

குறிப்பு: கம்பெனியின் நீட்டிப்பு வாரண்டியைப் பொதுவாக மூல வாரண்டி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். நீங்கள் பார்க்கும் காருக்கு மூல வாரண்டி இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு அந்த இரண்டு மாதத்துக்குள் நீட்டிப்பை வாங்கிவிடுங்கள். வெளியார் விற்கும் எந்த வாரண்டியையும்விட இது நல்லது.

மின்சார கார் என்றால் பேட்டரி வாரண்டியைத் தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் வரும் நீண்ட காலக் கணக்கு சில கம்பெனிகளில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். கை மாறியதும் குறைந்துவிடும்.

துருவும் வெள்ளமும்: காரைப் பார்க்கும்போதே

காரைப் பார்ப்பதற்குக் காலையில் போங்கள், எஞ்சின் சூடாகாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடிப்பாகத்தைப் பார்க்க லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய காரின் அடியில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். ஜாக்கி நழுவினால் தப்பிக்க நேரமே இருக்காது.

கடற்கரை வண்டியில் துரு முதலில் பிடிப்பது கண்ணில் படாத இடங்களில்தான். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், பிரேக் குழாய், சைலன்சர், ஜாக்கி வைக்கும் முனை, கதவின் கீழ் விளிம்பு, பானட் கீல் இவற்றை வரிசையாகப் பாருங்கள். முன் கிரில் வழியாக டார்ச் அடித்தால் ஏ.சி. கண்டென்சரின் தகடுகள் தெரியும். அவை பொடிந்து உதிர்ந்தால் கேஸ் கசிவு தூரத்தில் இல்லை, வாரண்டிக்காரர் அதைத் துரு என்று எழுதித் தள்ளிவிடுவார். அடிப்பாகத்தில் புத்தம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால், ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் உள்வாங்கும். கடலோர ஊர்களில் உப்பு ஏறிய போர் தண்ணீரில் வண்டி கழுவும் வீடுகள் உண்டு. விற்பவர் எங்கே குடியிருக்கிறார், வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துகிறாரா, எந்தத் தண்ணீரில் கழுவுகிறார் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை அடையாளம் காண்பது இன்னும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் அதன் தெற்குப் புறநகரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, மறுபடி சந்தைக்கு வரும். கழுவிய சீட்டும் வாசனை ஸ்பிரேயும் முதல் பார்வையை ஏமாற்றிவிடும். பின்வரும் இடங்களைச் சுத்தம் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை:

- சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை தெரியும்.
- சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், போல்ட் தலைகளில் துரு.
- டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல்.
- ஃபியூஸ் பாக்ஸின் பின்களில் பச்சைப் பூப்பு.
- ஹெட்லைட்டுக்கு உள்ளே தண்ணீர் நின்ற கோடு.

இவற்றில் இரண்டு இருந்தாலே அந்தக் காரை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். வயரிங்கில் புகுந்த தண்ணீர் இரண்டு வருடம் கழித்துக்கூட ஏர்பேகையும் பிரேக் சென்சாரையும் செயலிழக்க வைக்கும். இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். திருப்போரூரிலிருந்து நெம்மேலி சாலையில் போய், ஈ.சி.ஆரில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஓ.எம்.ஆர். நெரிசலுக்குத் திரும்புங்கள். வேகமும் நெரிசலும் இரண்டும் கிடைத்துவிடும். ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, நின்று நின்று நகரும்போது கியர் உதறுகிறதா என்று கவனியுங்கள். கிருத்திகை நாளில் போகாதீர்கள். திருப்போரூர் கோயிலைச் சுற்றிய கூட்டத்தில் முதல் கியருக்கு மேல் போட முடியாது.

கடைசியாக, நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, தேதியோடு ஒரு அறிக்கை வாங்குங்கள். கோளாறுக் குறியீடுகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள் என்றால், சில சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும். மறுபடி ஓட்டிப் பார்த்து ஸ்கேன் செய்யுங்கள். இந்த அறிக்கை பின்னாலும் உதவும். "இந்தக் கோளாறு வாங்கும்போதே இருந்தது" என்பது வாரண்டி மறுப்பில் அடிக்கடி வரும் காரணம். வாங்கிய நாளில் கார் நன்றாக இருந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி இந்த அறிக்கைதான்.

வெள்ளத்துக்கு எஞ்சின் புரொடெக்ட்

முழு இன்சூரன்ஸ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அந்த எஞ்சின் செலவைச் சாதாரண பாலிசியில் மறுத்துவிடுவது வழக்கம். அதற்குத்தான் 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர். காரின் வயதைப் பார்த்துத்தான் இதைத் தருவார்கள் என்பதால், கார் வாங்கும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரியுங்கள். இந்த வட்டாரத்தில் கையில் இருக்கும் பணம் வாரண்டிக்கும் இதற்கும் சேர்த்துப் போதாது என்றால், நான் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். கவர் இருந்தாலும் தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருகாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

யாருடைய வாரண்டி?

சந்தையில் மூன்று வகை உண்டு. கார் தயாரித்த கம்பெனியே தரும் நீட்டிப்பு முதல் வகை. மாருதி ட்ரூ வேல்யூ, டொயோட்டா யூ டிரஸ்ட் போன்ற கம்பெனி சார்ந்த கடைகளும் பெரிய பழைய கார் விற்பனை நிறுவனங்களும், தாங்கள் சோதித்து விற்கும் கார்களுக்குத் தருவது இரண்டாவது. தனி நிறுவனம் நடத்தி, கன்சல்டிங் கடைகள் மூலம் விற்கும் திட்டம் மூன்றாவது.

முதல் இரண்டில் பொறுப்பாளி யார் என்பது தெளிவு. மூன்றாவதில்தான் குழப்பம். கடைக்காரர் வாங்கித் தருகிறவர் மட்டுமே, பணம் தர வேண்டியவர் வேறு ஊரில் இருக்கும் ஒரு நிறுவனம். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஏதாவது இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறதா, அதன் பெயர் ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடையின் லெட்டர்பேடில் "ஒரு வருட வாரண்டி" என்று எழுதி சீல் வைத்துத் தருவதைக் கடைக்காரரின் சொந்த வாக்குறுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் தேட வேண்டியவை

ஒப்பந்தத்தின் முழு நகலையும் முதல் நாளே வாங்கிக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். விளம்பரத் தாள் போதாது. "பணம் கட்டினப்புறம் மெயில்ல வரும் சார்" என்று சொன்னால் அந்த வாரண்டி வேண்டாம்.

1. மொத்த வரம்பு. ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு வரை தருவார்கள், ஒரு பழுதுக்கு எவ்வளவு வரை? "எஞ்சின், கியர் பாக்ஸ் முழுக் கவர்" என்று சொல்லிவிட்டு மொத்த வரம்பை ₹40,000 என்று வைத்திருந்தால், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பழுதில் பாதி தூரம்கூட அது வராமல் போகலாம்.

2. காத்திருப்புக் காலம். முதல் சில வாரங்கள் அல்லது முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் வரும் பழுதை ஏற்க மாட்டார்கள். பழைய காரில் மறைந்திருந்த கோளாறு தலைகாட்டுவது அந்த நாட்களில்தான். அந்த இடைவெளியைக் கடைக்காரர் ஏற்பதாக எழுதித் தரட்டும்.

3. தேய்மானப் பாகங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர், ரப்பர் புஷ் எதற்கும் பணம் வராது. ஓ.எம்.ஆரில் தினமும் சிறுசேரிக்கும் நாவலூருக்கும் ஊர்ந்து போய்வந்த காரில் கிளட்ச் தேய்ந்திருப்பது இயல்பு. அதை வாரண்டியில் எதிர்பார்க்காமல், விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

4. முன்பு வாடகைக்கு ஓடிய வண்டி. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய காரையும், வாடகைக்கு விட்ட காரையும் பல திட்டங்கள் ஏற்பதில்லை. ஆர்.சி. வரலாற்றில் இது தெரிந்துவிடும். மறைத்து வாங்கினால் கிளெய்ம் நிற்காது.

5. வெளியே பொருத்தியவை. பிறகு மாட்டிய சி.என்.ஜி. கிட், கூடுதல் ஹாரன், லைட்டுக்காக வெட்டிய வயரிங், எலி கடித்த வயர் எல்லாமே மறுப்புக்குக் காரணம் ஆகும்.

6. கழற்றிப் பார்க்கும் கூலி. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் அந்தக் கூலி உங்கள் தலையில்.

7. பட்டறை எங்கே? பட்டியலில் உள்ள பட்டறைகளில் உங்களுக்குப் பக்கத்தில் எது என்று பாருங்கள். நகரத்துக்குள் மட்டும்தான் என்றால் டோ செலவு யாருடையது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரண்டி விலை ₹14,000 என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. கம்ப்ரஸர் போய்விட்டது. பாகம் ₹20,000, கூலி ₹4,000. ஒப்பந்தத்தில் பாகத்துக்கு 30 சதவீதத் தேய்மானக் கழிவு, ஒவ்வொரு கிளெய்முக்கும் உங்கள் பங்கு ₹2,000. பாகத்துக்கு வருவது ₹14,000, கூலி ₹4,000, மொத்தம் ₹18,000. உங்கள் பங்கைக் கழித்தால் கையில் வருவது ₹16,000. பெரிய பழுது ஒன்று வந்த வருடத்திலும் மிச்சம் ₹2,000தான். தேய்மானக் கழிவு இல்லாத திட்டம் ₹18,000 என்றாலும், இதே பழுதுக்கு ₹22,000 வரும், மிச்சம் ₹4,000 ஆகும். விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கையால் கியர் மாற்றும் எளிய பெட்ரோல் கார், தவறாமல் சர்வீஸ் ஆனது, நல்ல மெக்கானிக் அறிக்கை இருக்கிறது என்றால், வெளி வாரண்டியைத் தவிர்த்துவிட்டு அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே மேல். ஆட்டோமேட்டிக் கியர், டர்போ டீசல், சென்சார் நிறைந்த விலை உயர்ந்த கார் என்றால் வாரண்டி தேவை.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமா?

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ₹2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் தகவல்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, அந்த வெளி வேலையின் தவறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. என்றாலும், வெளியே வைப்பர் மாற்றியதைக் காரணம் காட்டி கியர் பாக்ஸ் கிளெய்மை மறுத்தால், உங்கள் புகார்க் கடிதத்தில் இந்த உத்தரவைத் தேதியோடு குறிப்பிடுங்கள். வெளியார் விற்கும் திட்டம் தனி ஒப்பந்தம் என்பதால், அதில் எந்தப் பட்டறைக்குப் போகச் சொல்லியிருக்கிறதோ அங்கேயே போங்கள். எங்கே போனாலும் ஆயில் மாற்றியதற்குக்கூட பில் வாங்கி வையுங்கள்.

ஃபோர்டு வாங்குகிறவர்களுக்கு

நம் செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலைநகரில்தான் ஃபோர்டு ஆலை. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசி கார் வெளிவந்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனால் நாளாக ஆக, சில பாகங்கள் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். 2017 முடிவில் விற்பனையை நிறுத்திய செவர்லேக்கும் இதே யோசனைதான். இப்படிப்பட்ட காருக்கு வாரண்டி எடுத்தால், பாகம் கிடைக்காதபோது பணமாகத் தருவார்களா, பழுது நீடிக்கும் நாட்களுக்கு வாரண்டிக் காலத்தை நீட்டிப்பார்களா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

வாங்கும் நாளின் வரிசை

1. கன்சல்டிங் கடை என்றால், பதிவு பெற்ற வாகன டீலருக்கான அங்கீகாரச் சான்று (படிவம் 29பி) இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது.
2. கடன் இருந்த கார் என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.
3. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும்.
4. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும்.
5. வாரண்டியில் உங்கள் பெயர், சேசிஸ் எண், அன்றைய கிலோமீட்டர், தொடங்கும் தேதி எல்லாம் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, வாரண்டிக்குத் தனி பில் வாங்குங்கள்.

பழுது வந்துவிட்டால்

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். சூடு முள் ஏறிய பிறகும் ஓட்டினால் "உரிமையாளரின் கவனக்குறைவு" என்று எழுதிவிடுவார்கள். பாதுகாப்பாக ஓரம் கட்டி, விளக்கையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுத்து, அன்றே வாரண்டி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் எழுத்தில் ஒப்புதல் தருவதற்குள் எந்தப் பட்டறையிலும் எதையும் கழற்றவிடாதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்ற நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும். ஒப்பந்தம், வாரண்டி பில், வாங்கிய நாளின் மெக்கானிக் அறிக்கை, சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டு, மறுப்புக் கடிதம் என்ற வரிசையில் இணையுங்கள்.